கூட இருக்க ஆள் யாரு?

கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் மட்டும் இங்கிலீஷில் பேசினார். என் சட்டைப் பையில் பேனா இருந்தது, அதனால் இருக்கலாம். அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, இந்த வயதில் அது சரியாக ஒட்டாது, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்பது வரை புரிந்தது. கடைசியில், நர்ஸிங் ஹோம் ஏதாவது பாருங்கள் என்றார்.

நர்ஸ் தெரியும். ஹோம் என்றால் வீடு என்றும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன? வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்கிறாரா, நர்ஸ் வீட்டுக்கு வருவாரா, நர்ஸின் வீட்டுக்கு நாங்கள் போக வேண்டுமா? கேட்டிருக்கலாம். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், வாத்தியார் வேலைக்கும் வந்துவிட்டவன்; பக்கத்தில் அப்பா நிற்கிறார். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டேன்.

உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்கு வந்து நான் அதைச் சொன்னதும் அம்மா கவலையாகிவிட்டாள்.

"ஹோமமா? நம்ம வூட்டுல யாரும் பண்ணினதில்லையேடா. அதுக்கு ஐயரை எங்க போய்க் கூப்புடறது?"

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அத்தை, "பண்ணுங்க, பண்ணுங்க. எலும்பு கூடலன்னாலும் சக்கரைப் பொங்கலு கெடைக்கும்" என்றாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஆனேக்கல் பக்கம் கன்னடக்கார ஊர் ஒன்றில் வாழப் போய், சில வருஷங்களிலேயே தாலி இழந்து, பிள்ளையில்லாமல் திரும்பி வந்தவள். அப்பாவை வளர்த்தது, அவருக்குப் பெண் பார்த்தது, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டது எல்லாம் அவள்தான். கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டுவாள்; கேட்டுக் கேட்டு எனக்கும் அது ஓரளவு புரியும், பேசத்தான் வராது. அவள் மாட்டுக் கொட்டகையில் சாணம் வழுக்கி விழுந்தது கேழ்வரகு அறுப்பு நேரத்தில்.

பெரிய ஆஸ்பத்திரியிலேயே ஏன் விட்டுவிடவில்லை என்று கேட்கலாம். அங்கே வார்டு ஆயா முதலில் கேட்டது, "கூட இருக்க ஆள் யாரு?" என்பது. பொம்பளை வார்டு, ஆம்பளை தங்கக் கூடாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் அடியில் ஒருத்தி பாய் போட்டுப் படுத்திருந்தாள். துடைப்பது, தூக்குவது, கஞ்சி வாங்கி வருவது எல்லாம் அந்தக் கட்டிலுக்கடி ஆள்தான். அம்மா வந்து உட்கார்ந்துவிட்டால் மாட்டையும் காட்டையும் யார் பார்ப்பது?

குருபரப்பள்ளிப் பக்கம் எலும்பு கட்டுகிறவர் ஒருவரைச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். வரிசையாக ஓலைக் கொட்டாய் போட்டு நோயாளிகளை வைத்திருந்தார். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளை, உளுந்து மாவு. மனுஷன் நேர்மையாகத்தான் பேசினார். "கட்டறது நான் கட்டிருவேன் வாத்தியாரே. கட்டுன பின்னாடி மூணு மாசம் அள்ளி எடுக்கணும். கூட ஆளு யாரு?"

எனக்குக் குழப்பம் தொடங்கியது இங்கேதான். கூட இருக்க ஆள் இருந்தால் நான் ஏன் இடம் தேடி அலைகிறேன்?

அவசரத்துக்குக் காரணம் வேறு. கேழ்வரகு அறுப்பது பொம்பளை வேலை; அம்மா காட்டுக்குப் போய்விட்டால் பகலில் வீட்டில் அப்பாதான் இருப்பார், இல்லையென்றால் பள்ளிக்கூடம் விட்டு வந்த நான். அத்தையை நாங்கள்தான் தூக்க வேண்டும். ஒருநாள் கேழ்வரகுக் கூழைத் தொடாமல் வைத்திருந்தாள். தண்ணீரும் அப்படியே இருந்தது. அம்மாதான் கண்டுபிடித்தாள்.

"அண்ணி, தண்ணி குடிக்காம கெடந்தா என்ன ஆவறது?"

"குடிச்சா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாதா? தம்பிகாரனைக் கூப்புட்டா தூக்கச் சொல்வேன்? நீ வந்தப்புறம் குடிக்கறேன் போ."

உதடு வெடித்திருந்தது. முதுகில் ஓரிடம் சிவந்திருந்தது. அன்று இரவு அப்பா என்னைப் பார்த்து, "படிச்சவன்தானே நீ? ஒரு வழி சொல்லுடா" என்றார். நான் படித்த எதிலும் இதற்கு வழி இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஓசூரில் ஒருவர், பெங்களூரில் நர்ஸிங் ஹோம் இருக்கிறது என்றார். அப்படியென்றால் அது ஓர் இடம்! அந்த மட்டில் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், இங்கிலீஷ் போர்டைப் படித்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். மேஜைக்குப் பின்னால் ஓர் அம்மாள் இருந்தார். கன்னடத்தில் தொடங்கியவர், என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"எத்தனை மாசம்?"

"விழுந்து ஒரு மாசம் முடிஞ்சுதுங்க."

"அய்யோ, விழுந்துட்டாங்களா! ரத்தம் கித்தம் போச்சா?"

"இல்லைங்க. வீக்கம்தான்."

"இதுதான் முதலா?"

"இல்லைங்க. சின்ன வயசுல புளிய மரத்துல இருந்து ஒருதரம் விழுந்திருக்காங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவங்களுக்கு வயசு என்னப்பா?"

"அறுபது தாண்டியிருக்குங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தேன். எல்லாருக்கும் வயிறு முன்னால் வந்திருந்தது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்ல, அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இது பிரசவம் பாக்கற இடம், தம்பி" என்றார் அந்த அம்மாள். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அவரே உட்காரச் சொல்லி, எல்லாம் கேட்டுக்கொண்டார். ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் ஒரு வீடு நடத்துகிறார்கள், வயதானவர்களை வைத்துக்கொள்கிறார்கள், நன்றாகப் பார்க்கிறார்கள் என்றார்.

"கூட இருக்க ஆள் கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு. யாரும் இல்லாதவங்களைத்தான் சேத்துப்பாங்க. இடம் கொஞ்சம், பாரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே உருட்டிக்கொண்டு வந்தேன். ஆள் இருக்கிறவர்களைச் சேர்க்கும் இடத்தில் ஆள் வேண்டும். ஆள் வேண்டாத இடத்தில் ஆளே இருக்கக் கூடாது. எங்களுக்கோ ஆள் உண்டு. கூட இருக்கத்தான் ஆள் இல்லை. இதற்கு எந்தக் கதவைத் தட்டுவது?

வீட்டில் சொன்னதும் அப்பா எழுந்துவிட்டார். "எங்கக்காவுக்கு யாருமில்லைன்னு சொல்றதா? நான் செத்த பின்னாடி போய்ச் சொல்லு."

"சத்தமாப் பேசு, அவங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள் அம்மா. கேட்டுவிட்டது.

"வெள்ளைச் சீலைக்காரிங்கதானே?" என்றாள் அத்தை உள்ளேயிருந்து. "ஆனேக்கல்ல பாத்திருக்கறேன். அங்க தூக்கறது வைக்கறதெல்லாம் பொம்பளைங்கதானா, மருமவனே?"

"ஆமா அத்தை."

"ம்" என்றாள். அவ்வளவுதான்.

பேசிப் பேசி, கடைசியில் அப்பா இறங்கி வந்தார். "கூட்டிட்டுப் போ. ஆனா பொய் சொல்லாத. தம்பி இருக்கறான், வச்சுப் பாக்க முடியலன்னு நெஜத்தைச் சொல்லிக் கேளு. மனசு வச்சா சேத்துக்கட்டும்." அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "நீயா எதையும் சொல்லாத. கேட்டா மட்டும் சொல்லு" என்றாள். இரண்டுக்கும் சரி என்றேன்.

பெங்களூருக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரியில் ஓரமாக வைக்கோல் பரப்பி, அத்தையைப் படுக்க வைத்தோம். லாரி கிளம்பும்போது அப்பா பக்கத்தில் வரவில்லை. மாட்டை அவிழ்க்கிறேன் என்று கொட்டகைப் பக்கம் போய்விட்டார். வழியெல்லாம் அத்தை கோசு மூட்டைகளைப் பார்த்து, அடுக்கத் தெரியாதவன் அடுக்கியிருக்கிறான் என்று டிரைவரைத் திட்டிக்கொண்டு வந்தாள். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது மட்டும் பேச்சு நிற்கும், என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னபடிதான். நிஜத்தைத்தான்.

அந்த வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் வந்து அவளைத் துணியோடு சேர்த்து, நோகாமல் இறக்கினார்கள். வயதான கன்னியாஸ்திரீ ஒருவர் குனிந்து, கன்னடத்தில் கேட்டார்: "அம்மா, நிமகெ யாரு இத்தாரெ?" உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

நான் வாயைத் திறந்தேன்.

"யாரூ இல்ல தாயி" என்றாள் அத்தை.

"ஈ ஹுடுக?" இந்தப் பையன் யார் என்று என்னைக் காட்டினார்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். லாரியில் கூட வந்தவன், நல்ல பையன் என்று கன்னடத்தில் சொன்னாள். இன்னும் ஒரு வார்த்தை சேர்த்தாள்: பாவம், அவனுக்கு ஊருக்குத் திரும்ப வேண்டும், பஸ் போய்விடும்.

கன்னியாஸ்திரீ என் பக்கம் திரும்பினார். எனக்குள் இருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டதா? எங்கள் மேல் கோபமா? எனக்கு வேலை வைக்காமல் தானே முடித்துவிட்டாளா? அவள் முகத்தைப் பார்த்தேன். அது கன்னியாஸ்திரீயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஒரே ஊருங்க" என்றேன். அது பொய் இல்லை. அவளை உள்ளே தூக்கிப் போனார்கள்.

வீட்டில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நெஜத்தைச் சொன்னியா?"

"நான் பொய் சொல்லலப்பா. அத்தைதான் பேசிச்சு."

என்ன பேசினாள் என்று அவர் கேட்கவில்லை.

அறுப்பும் அடிப்பும் முடிந்த பிறகு அப்பாவும் நானும் பார்க்கப் போனோம். அத்தை அங்கே பேசியதைப் போகும் வழியில்தான் அவரிடம் சொன்னேன். பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அத்தை வராந்தா வெயிலில் சாய்ந்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்கள், முகம் தெளிந்திருந்தது. பக்கத்தில் ஒரு சிறிய வயதுக் கன்னியாஸ்திரீ உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். அப்பா நின்ற இடத்திலேயே, "அக்கா" என்றார். நல்லவேளை, அக்கா என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். அந்தப் பெண் சிரித்துவிட்டுத் துணியை மடித்தார்.

"எங்க ஊருக்காரங்க" என்று அத்தை அவரிடம் சொன்னாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஏப்பா, உங்க தெருவுல கொட்டகை போட்ட வூடு ஒண்ணு இருக்குமே. அங்க செவலை மாடு சினையா இருந்துதே, கன்னு போட்டுச்சா?" என்று கேட்டாள்.

அப்பா தரையில் உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தன் அக்காவை அவர் வாழ்நாளில் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"போட்டுச்சுங்க" என்றார். "கெடேரிங்க."