யென்ஸுக்கு விழுந்த பதினொரு வோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணி. டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் ஒரு பழைய பேஸ்போல் மைதானம். கையில் மட்டையுடன் நான்.  

பந்து வந்தது. கிரிக்கெட் பழகிய கை சும்மா இருக்குமா? கடைசி நேரத்தில் மட்டையை லேசாகத் திருப்பிப் பின்பக்கமாகத் தட்டிவிட்டேன்.

"ஃபோர்ர்ர்ர்!"

பார்வையாளர் இருக்கும் பழைய மர கலரி ஆடிப்போனது. எங்கள் தமிழ்ச் சனம் எண்பது பேர் எழுந்து நின்று கூவுகிறார்கள். மறுபாதியில் இருந்த டேனிஷ்காரர்கள் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார்கள். பேஸ்போலில் பின்னால் போகிற அடிக்குப் பெயர் ஃபவுல். அதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

இந்த இடத்துக்கு நான் எப்படி வந்து மாட்டினேன்?

நான் பிராண்டே என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பக்கத்து மெஷினில் யென்ஸ். வயது ஐம்பத்தொன்று, அதிகம் பேசாத மனிதர். "நீங்கள் கிரிக்கெட் ஆடுகிற ஆட்கள்தானே, உனக்கு நன்றாக எறிய வரும்" என்று இரண்டு வருடங்களுக்கு முன் தன்னுடைய பேஸ்போல் ரீமுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தன் பழைய கையுறையைத் தந்தார். பந்தைக் கண்டதும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் பிடிக்க ஓடுவேன். பொறுமையாகத் திருத்தினார். அப்படியும் முக்கால்வாசி ஆட்டங்களில் எனக்கு பெஞ்சில்தான் வேலை — தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல்.

வருடத்துக்கு ஒருமுறை ஓல்-ஸ்டார் ஆட்டம் நடக்கும். நாட்டின் மேற்கில் உள்ள எங்கள் யூலன்ட் ரீமும் கிழக்குத் தீவான சேலண்டின் ரீமும் மோதும். எல்லோரும் பகலில் குழாய் திருத்துபவர்கள், வாத்திமார், பஸ் சாரதிகள். ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்வது இணையத்தில் வோட்டு மூலம். அந்த ஆட்டத்தில் இறங்கியவர்களின் பெயரை மைதானத்து மண்டபத்தில் ஒரு பெரிய பலகையில் எழுதிவைப்பார்கள். எத்தனையோ கால ஆட்டக்காரர்களின் பெயர்கள் அதில் உண்டு. இருபது வருடம் ஆடிய யென்ஸின் பெயர் மட்டும் இல்லை. முழங்கால் போய்விட்டது, இந்த சீசனோடு நிறுத்துகிறார். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

அப்போதுதான் என் ஃபோனுக்கு அந்த வோட்டு லிங்க் வந்தது. திறந்து பார்த்தால் மைதானத்தில் யென்ஸ் நின்று ஆடும் அதே இடத்துக்கான பட்டியலில்... என் பெயரும்! லீக்கில் ஓர் ஆட்டம் ஆடியிருந்தாலே பெயர் வந்துவிடுமாம். எனக்குத் தெரியாது. சபலம் யாரை விட்டது? என் பெயரையே தட்டிவிட்டேன். லிங்க்கை என் மனைவியின் தங்கை வதனிக்கும் அனுப்பினேன். "இஞ்ச பாரும், என்ர பேரும் இருக்கு" என்று சும்மா ஒரு பகிடிக்கு.

வதனிக்குப் பகிடி விளங்காது. சேலண்டில் டோஸ்ட்ருப்பில் இருந்துகொண்டு மரண அறிவித்தல், கோயில் திருவிழா, வாடகை வீடு என்று டென்மார்க் தமிழ்ச் சனத்தின் வட்ஸ்அப் குறூப்பை நடத்துகிறவள் அவள். அரை மணி நேரத்தில் செய்தி பறந்தது: "எங்கட அத்தான் எலக்சனில நிக்கிறார். எல்லாரும் வோட்டுப் போடுங்கோ. பகிரவும்." அவள் வாழும் சேலண்ட் ரீமுக்கு ஒரு வோட்டும் போடவில்லை, பாவம். நோர்வேயிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வோட்டு விழுந்தது. போட்டவர்களில் பாதிப்பேருக்கு பேஸ்போலுக்கும் கூடைப்பந்துக்கும் வித்தியாசம் தெரியாது.

முடிவு வந்தது. முந்நூற்றுச் சொச்சம் வோட்டுடன் நான் முதலிடம். யென்ஸ் ரிசேர்வ். ரிசேர்வ் என்றால் யாராவது விழுந்தால்தான் இறக்குவார்கள். இறங்காவிட்டால் பலகையில் பெயர் இல்லை.

மறுநாள் வேலையில் யென்ஸ் கை கொடுத்தார். வாழ்த்தினார். தன் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான்! திட்டியிருந்தால் நிம்மதி. மூன்று வாரம் மதியச் சாப்பாட்டை வேறு மேசையில் போய்ச் சாப்பிட்டேன். அவர் இருமினால்கூட என்னைத்தான் ஏதோ சொல்கிறார் என்று திடுக்கிட்டேன்.

"நான் விலகப் போறன்" என்று வீட்டில் சொன்னேன்.

"வதனி சனத்தைக் கூட்டிவர வாடகைக்கு பஸ் பிடிச்சிட்டாள். எல்லாரும் சாப்பிட றோல்ஸுக்கும் சொல்லியாச்சு" என்றாள் மனைவி சுகந்தி. "அந்தச் சனத்துக்கு நீங்களே பதில் சொல்லுங்கோ."

சொல்லத் துணிவில்லை. அதனால்தான் மட்டையுடன் நிற்கிறேன். முதல் பந்து ஃபவுல். இரண்டாவதும் ஃபவுல். மூன்றாவதைக் காற்றில் வீசினேன். அவுட்.

"பரவாயில்லை அத்தான், அடுத்த ஓவர்!" வதனியின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பெஞ்சில் கிடந்த என் கையுறையை எடுத்துக்கொண்டு நேரே மைதானத்து ஓரத்துச் சொசிச் கடைக்குப் போனேன். ரிசேர்வ்காரருக்கு வேறென்ன வேலை? யென்ஸ் அங்கே நின்று அடுப்பில் இறைச்சிச் சொசிச் பிரட்டிக்கொண்டிருந்தார். ஏப்ரனுக்குள் ரீம் ஜேர்சி போட்டிருந்தார். 

"யென்ஸ், அந்த லிங்க்கை எங்கள் ஆட்களுக்கு அனுப்பியது நான்தான்."

"தெரியும்" என்றார். "நானும் அனுப்பினேன். அண்ணனுக்கு அனுப்பினேன், வார இறுதியில் பார்க்கிறேன் என்றான். இரண்டு மகன்மாருக்கும் அனுப்பினேன், அவர்களுக்கு நேரமில்லை. எனக்குப் பதினொரு வோட்டு. அதில் ஒன்று நான் போட்டது." ஒரு சொசிச்சைத் திருப்பினார். "உனக்கும் அனுப்பினேனே."

ஆம். என் ஃபோனுக்கு அந்த லிங்க் யாரிடமிருந்து வந்தது என்று உங்களிடமும் நான் இதுவரை சொல்லவில்லை. சொல்ல வெட்கம். 'நேரமிருந்தால்' என்று ஒற்றைச் சொல் எழுதி யென்ஸ் அனுப்பியது. அதைத் திறந்துதான் நான் என் பெயரைத் தட்டினேன்.

கையுறையை அவரிடம் நீட்டினேன். அவர் தந்த அதே கையுறை. பேஸ்போலில் தன் இடத்தை ஒருமுறை இன்னொருவருக்குக் கொடுத்தால் அந்த ஆட்டத்தில் திரும்ப இறங்க முடியாது. அவருக்கும் அது தெரியும்.

"சொசிச்சை யார் பார்ப்பது?"

"நான்."

அவர் ஏப்ரனை அவிழ்த்தார். 

அடுத்த நிமிடம் வதனி வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "அத்தான், நாங்கள் இவ்வளவு பேர் வோட்டுப் போட்டது நீங்கள் இதில நிண்டு சொசிச் பிரட்டவோ?"

எல்லாவற்றையும் சொன்னேன், லிங்க் வந்த கதை உட்பட. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

"அந்த மனிசன்ர பேர் என்ன சொன்னனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். திரும்பி கலரிக்கு நடந்தாள்.

யென்ஸ் மைதானத்தின் கோடியில் நின்றார். உயரமாக ஒரு பந்து அவரை நோக்கி வந்தது. நொண்டிக்கொண்டே ஓடினார். நான் இடுக்கியைப் பிடித்தபடி மூச்சைப் பிடித்து நின்றேன். கையுறையில் பட்டது... நழுவி விழுந்தது.

 கலரியிலிருந்து எண்பது தொண்டைகள்:

"பரவாயில்லை யென்ஸ் அண்ணை, அடுத்த ஓவர்!"

அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது, தன் பெயரைத் தவிர. தொப்பியைக் கழற்றி கலரியைப் பார்த்து உயர்த்தினார். நெடுநேரம் இறக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த சொசிச் எல்லாம் கருகிவிட்டன.

திங்கட்கிழமை கோப்பி நேரத்தில் மெதுவாக வந்து கேட்டார்: "அந்தக் குறூப்பில் சேர என்ன செய்யவேண்டும்?"

வதனி சேர்த்துவிட்டாள். இப்போது தினமும் காலையில் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' அவருக்கும் போகிறது. பலகையில் அவர் பெயரை எழுத ஆள் வரப்போகிறாராம். நேற்று அதைச் சொல்லி, எழுதப்போகும் பெயர்ப் பட்டியலின் லிங்க்கை எனக்கு அனுப்பியிருந்தார்.

இந்த முறை நான் அதில் என் பெயரைத் தேடவில்லை.