சீவலப்பேரி வரப்பில் எஸ்தர் ஓடியது

பிள்ளையை நடக்க வைப்பதற்காகப் பஸ் ஏறிப் போன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் மகள் எஸ்தருக்கு ஆறு வயது. எல்லாப் பிள்ளைகளும் ஓடும்போது இவள் மட்டும் மரத்தடியில் நிற்கிறாள் என்று அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவள் டீச்சர் சொன்னார். டாக்டரிடம் காட்டினேன். உடம்பில் ஒரு குறையும் இல்லை, நன்றாக ஓடியாட விடுங்கள் என்றார். செருப்பை மாட்டி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன், சாக்லேட் ஆசை காட்டினேன், கடைசியில் ‘சோம்பேறி’ என்று திட்டவும் செய்தேன். (நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாத குமாஸ்தா நான்.) எதுவும் பலிக்கவில்லை. இப்படி உட்கார்ந்தே வளர்ந்துவிடுவாளோ என்று உள்ளுக்குள் பயம்.

அதனால்தான் பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை சீவலப்பேரிக்குப் புறப்பட்டோம். பாளையங்கோட்டையில் காலை ஏழு நாற்பதுக்கு டவுன் பஸ். எனக்குப் பதினைந்து ரூபாய், பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அவளுக்கு இலவசம். எட்டரைக்கு இறங்கும்போது கண்டக்டரிடம் ஆற்றுக்கு வழி கேட்டேன்.

“வாய்க்கால் கரையோட போனா ரெண்டு கிலோமீட்டர் வரும் அண்ணாச்சி. பிள்ளைய வச்சிக்கிட்டு நடக்கவா போறீய?”

நடக்கத்தான் வந்தோம் என்றேன் வீறாப்பாக. அரைக் கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. பத்தடிக்கு ஒரு முறை நின்று, “அப்பா, தூக்குங்க” என்றாள். இன்று தூக்குவதில்லை என்ற முடிவோடு வந்திருந்ததால் நானும் பிடிகொடுக்கவில்லை. அவள் மண்ணிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“பிள்ள யாரு செருப்பப் போட்டிருக்கு? அக்கா செருப்பா?”

“இவளுக்கு அக்கா கிடையாது. வளர்ற பிள்ளையாச்சேன்னு ரெண்டு அளவு பெருசா வாங்கினேன்.”

“நல்லா வாங்குனிய! அங்கன இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். செருப்பு கழண்டிரக் கூடாதுன்னு விரல மடக்கிப் பிடிச்சிக்கிட்டே நடக்குது. நீங்க இப்படி நடந்து பாருங்க!”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பள்ளி ஷூவையும் அப்படித்தான் வாங்கி, முனையில் பஞ்சு அடைத்துக் கொடுத்திருந்தேன். நம் ஊரில் எந்த அப்பன்தான் பிள்ளையின் காலுக்குச் சரியாக வாங்கியிருக்கிறான்?

அவர் புல்வரப்பைக் காட்டி, “இங்கன முள்ளு கிடையாது, கழட்டி விடுங்க. பைய போகட்டும்” என்றார். எஸ்தர் முதலில் இரண்டு அடி வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். வரப்பின் கடைசியில் அவருடைய கன்றுக்குட்டி கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் ஓடினாள். என் மகள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கையில் அவளுடைய செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது.

மீதி ஒன்றரைக் கிலோமீட்டரை வரப்பிலும் மணலிலும் முப்பது நிமிடத்தில் கடந்தோம். சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் இடத்தில், முழங்காலளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் குதித்தாள். கையை மட்டும் நான் விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: “செருப்பு பெருசா இருக்குன்னு ஏம்மா சொல்லல?”

“நீங்கதானே வளந்தா சரியாப் போயிரும்னு சொன்னீங்க? நான்தான் இன்னும் வளரல.”

குற்றம் தன் மேல்தான் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் வாய்க்கால் கரையை அடைந்துவிடுங்கள், பிறகு வெயில் ஏறிவிடும். தண்ணீரும் மாற்றுத்துணியும் கட்டாயம். மழைக்காலத்தில் பிள்ளைகளை ஆற்றில் இறக்க வேண்டாம். பிள்ளை ஓடவில்லை என்றால் திட்டுவதற்கு முன்னால் கீழே குனிந்து அதன் காலைப் பாருங்கள்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே செருப்புக்கடையில் ஏறினோம். கடைக்காரர் வழக்கம்போல, “ஒரு அளவு கூட எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, வளர்ற பிள்ளை” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் சொன்னாள்:

“வேண்டாம் மாமா. நான் இப்பவே ஓடணும்.”