கல்லாற்றுக்கு இரண்டு வண்டி

யுத்தத்தின்போது பெட்ரோலுக்குக் கூப்பன் வந்ததும் எங்கள் அப்பா கோர்ட்டுக்கு நடக்கத் தொடங்கினார். வக்கீல் யுத்தத்துக்கு உதவுகிறார் என்று சிலர் மெச்சினார்கள். தொந்தி கரைந்தால் சரி என்றாள் அம்மா. உண்மையில், மிச்சம் பிடித்த பெட்ரோலில் குடும்பத்தோடு ஒரு நாள் கல்லாற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் அவருடைய ரகசியத் திட்டம்.

அந்த வருஷம்தான் மாமா, அதாவது எங்கள் அத்தையின் கணவர், பர்மாவிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். அங்கே எண்ணெய்க் கிணறுகளில் வேலையாட்களின் பேர் எழுதும் குமாஸ்தா. ஜப்பான்காரன் நெருங்கியதும் கிணறுகளை அழித்துவிட்டு ஆட்கள் ஓட, இவர் காட்டு வழியே நடந்து வந்தவர். பழவங்காடியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற ஒல்லி மனிதரைப் பார்த்து, சொந்தப் பெண்டாட்டியே "ஆரு வேணும்?" என்று கேட்டுவிட்டாள். அதைச் சொல்லிச் சொல்லியே மாமா நாலு மாதமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நடந்து வந்த கதையைக் கேட்டால் மட்டும், "காடுதான், வேறென்ன" என்பார்.

கல்லாற்று நாள் வந்தது. புளிச்சோற்றுத் தூக்கும் ஜமுக்காளமும் காரில் ஏறின, நாங்களும் ஏறினோம். மாமா மட்டும் தெருவிலேயே நின்றார்.

"நீங்க போங்க மாப்ளே. நான் கரிபஸ்ல வந்துருகேன்."

"இடம் இருக்குல்லா, அத்தான்?"

"இடத்துக்கு என்ன? எனக்கு இதுல ஏற முடியல. அவ்வளவுதான்."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. மாதக்கணக்கில் நடந்து சேர்த்த பெட்ரோல் அல்லவா? அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அப்போது எட்டு வயது. கரிபஸ்ஸில் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சட்டென்று குதித்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் கட்சி மாறிவிட்டதாகவே அப்பா எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊதினால்தான் வண்டி நகரும். நெடுமங்காட்டு ஏற்றத்தில் அது பெருமூச்சு விட்டு நின்றது. "எல்லாரும் ஒண்ணு தள்ளணே!" என்று டிரைவர் மலையாளத்தில் கெஞ்ச, மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். நானும் தள்ளினேன். திரும்ப ஏறும்போது எங்கள் இரண்டு பேர் முகத்திலும் பல் மட்டும்தான் வெள்ளை.

"அப்பா கார்ல ஏன் மாமா ஏறல்ல?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "கிணத்துல எண்ணெய் எடுக்கும்போது ஆளு சாவும், மக்ளே. அவன் பேரை வெட்டுகது என் வேலை. இப்பம் எண்ணெய் வேற தேசத்துலேருந்து கப்பல்ல வருது. எதிரி அந்தக் கப்பலத்தான் முதல்ல பாத்து அடிக்கான்."

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரி. "அப்போ நாம கல்லாறு போய்ட்டு வரதுக்கு எத்தனை ஆளு ஆவும்? ஒரு ஆளா, அரை ஆளா?"

மாமா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அது தெரிஞ்சா, ஒருவேளை ஏறியிருப்பேன்."

விதுராவில் இறங்கி, தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோன மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு கல்லாறு போய்ச் சேர்ந்தோம். அப்பா குளிக்காமல், யாரையும் சாப்பிட விடாமல், பாறைமேல் உட்கார்ந்திருந்தார். கோபமாக இருப்பதென்று தீர்மானித்திருந்தவர், எங்கள் கரிமுகங்களைப் பார்த்ததும் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். பிறகு இருவரும் எருமைகளைப் போல ஆற்றில் கிடந்தார்கள்.

சாப்பிடும்போது, பஸ்ஸில் மாமா சொன்னதையெல்லாம் நான் ஒப்பித்தேன். அப்பா கேட்டார். "நான் காரை எடுக்கலேன்னா அந்தக் கப்பல் நிக்குமா, அத்தான்?"

"நிக்காது."

"பின்னே?"

"உங்களக் குத்தம் சொல்லல்ல மாப்ளே. அந்தப் பேருகளை எழுதுனவன் நானாக்கும். உங்களுக்கு அவனுகளத் தெரியாதுல்லா."

அப்பா இன்னொரு கரண்டி புளிச்சோற்றை மாமாவின் இலையில் வைத்தார்.

மத்தியானத்துக்கு மேல் மலையில் இடி இடித்து மழை கொட்டியது. மாட்டுவண்டி எதுவும் வரவில்லை. விதுராவரை நனைந்துகொண்டு நடக்க நான் தயார்தான். ஆனால் என் பல் கிட்டியதை மாமா பார்த்துவிட்டார். என்னைத் தூக்கிக் காருக்குள் உட்காரவைத்தார். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். மாமா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காரில் சேறாகிவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்து, பெரிய மனுஷி மாதிரி நான் தைரியம் சொன்னேன். "போட்டுக்கிடுங்க மாமா, அப்பா ஏச மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அப்பா மட்டும் சாலையைப் பார்த்தபடி, வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். பழவங்காடி வரும்வரை செருப்பு மாமாவின் மடியிலேயே இருந்தது. அவர் நினைத்தது சேற்றை அல்ல, பேர் வெட்டப்பட்ட அந்த ஆட்களை என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.