நாலு அங்குலம்

கோழி வளர்க்க நகராட்சி போட்டிருந்த விதிகள் ஒன்றரைப் பக்கம். நாலு கோழிக்கு மேல் கூடாது. சேவல் அறவே கூடாது. ஒரு கோழிக்கு நாலு சதுர அடி இடம். பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து கூடு பத்தடி தள்ளி இருக்க வேண்டும்.

தையல்காரம்மா அதை மூன்று முறை படித்து, மூன்று முறையும் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் விட மனசில்லை. காரணம் கோழி அல்ல, கணவர்.

இருபத்தேழு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் ஒடிந்து வேலையிலிருந்து விலகிய நாள் முதல் எட்டு மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் வார்த்தை இல்லை. அந்த மனிதர் நாலு கோழிக்குஞ்சுகள் வந்த பிறகுதான் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். நாலடிப் பலகைகளாக வாங்கினார், கூடு அடித்தார், கோழிகளோடு ரகசியமாகப் பேசவும் தொடங்கினார். உரிமம் கிடைக்காவிட்டால் ஏழு நாளில் கோழிகளை அப்புறப்படுத்த வேண்டும். அப்புறம் அந்த மனிதர் மறுபடி சுவரோடுதான் பேசுவார்.

சோதனைக்கு வந்த நகராட்சி அதிகாரி இரும்பு டேப்பை இழுத்தார், குனிந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"நாலு இஞ்ச் குறையுதும்மா."

"நாலு இஞ்ச்தானே சார்? கோழிக்கா தெரியப் போகுது?"

"கோழி கையெழுத்துப் போடலையேம்மா, நான்ல போடணும். கூட்டை நகர்த்துங்க, இல்ல கோழியை அனுப்புங்க. ஏழு நாள் டைம்."

நகர்த்துவதாம்! கூட்டின் பின்னால் தண்ணீர்த் தொட்டி. நாலு விரல்கூட இடமில்லை. முன்பக்கத்தை நாலு அங்குலம் அறுத்தாலோ, நாலு கோழிக்கு இடம் போதாது. ஒரு விதி கையைப் பிடித்தால் இன்னொரு விதி காலைப் பிடிக்கிறது!

அதிகாரி தெரு திரும்பும் வரை பொறுத்திருந்தவள் வெடித்தாள்.

"ஏங்க, பஸ்ஸுல எம்பது பேர் நெருக்கிக்கிட்டு நிப்பாங்க. அதுல டிக்கெட் எடுக்காத ஒருத்தனை மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிப்பீங்களே! ஒரு பத்தடியை அளக்கத் துப்பில்லையா?"

 அவர் சுத்தியலை எடுத்த இடத்தில் வைத்தார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அந்த நாற்காலி தரையில் உரசிய சத்தம் அவள் நெஞ்சில் உரசியது. கோபம் மட்டும் குறையவில்லை.

மறுநாள் ஒரு டீச்சருக்குச் சட்டை அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். மார்பில் டேப்பைச் சுற்றினாள். முப்பத்தெட்டு என்று காட்டியது. நோட்டில் முப்பத்தாறு என்று எழுதினாள்.

"முப்பத்தெட்டுல்ல காட்டுது? டேப்புல பார்த்தேனே," என்றாள் டீச்சர்.

"முனை நைஞ்சு போச்சுன்னு ரெண்டு இஞ்ச் வெட்டிட்டேன் டீச்சர். வர்றதுல ரெண்டு கழிச்சுக்குவேன், பழக்கம்தான்…"

சொல்லிக்கொண்டே வந்தவளின் கை அப்படியே நின்றது.

சுவரிலிருந்து கூட்டுக்கு இடம் அளக்க அவர் கேட்டபோது இந்த டேப்பைத்தான் தூக்கிக் கொடுத்தாள். அறுபது அங்குல டேப். பத்தடிக்கு இரண்டு முறை வைத்திருப்பார். முறைக்கு இரண்டாக, மொத்தம் நாலு.

டீச்சரை அப்படியே நிற்க வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மன்னிப்பு கேட்பது அவள் குடும்பத்திலேயே வழக்கமில்லை. டேப்பை அவர் மடியில் போட்டாள்.

"இது எதுல ஆரம்பிக்குதுன்னு பாருங்க."

அவர் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறிப்போய் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். சிரித்துக்கொண்டிருந்தார் மனிதர்!

"ரெண்டுல ஆரம்பிக்குதே, அளக்கும்போது பார்க்க வேண்டாமா நீங்க?"

"நான் அறுபதைத்தானே பார்த்தேன்! நீ சொல்ல வேண்டாமா?"

"எல்லாத்தையும் நானேதான் சொல்லணுமா? சிரிச்சது போதும், எழுந்திருங்க. நீளத்துல நாலு இஞ்ச் பிடிச்சு, அகலத்துல அஞ்சு இஞ்ச் விட்டா கணக்கு சரியாப் போகும். சட்டைக்குச் செய்யறதைக் கூட்டுக்குச் செய்ய முடியாதா?"

இரண்டு நாள் ரம்பமும் வாயும் ஓயவில்லை. ஏழாம் நாள் அதிகாரி மறுபடி வந்து அளந்தார். பத்தடி சரி. இடமும் சரி. பேனாவைத் திறந்தவர் மறுபடி உதட்டைப் பிதுக்கினார்.

"விண்ணப்பத்துல கூடு நாலுக்கு நாலுன்னு போட்டிருக்கே. இது வேற அளவு. புதுசா விண்ணப்பம் போட்டு…"

"சார்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. நெரிசல் பஸ்ஸில் கடைசி சீட்டு வரை கேட்கும் அந்தக் குரல், எட்டு மாதத்துக்கும் மேலாகக் காணாமல் போயிருந்த குரல், கொல்லையில் இடியாக இறங்கியது.

"உங்க பேச்சைக் கேட்டுக் கூட்டை அறுத்தாச்சு! இப்ப தாளுக்காகத் திரும்ப ஒட்டச் சொல்றீங்களா? அந்த நாலை அடிச்சுட்டுப் பக்கத்துல சரியா எழுதுங்க சார்! பேனா உங்க கையிலதானே இருக்கு!"

கோழிகள் மூலையில் ஒண்டின. அதிகாரி அடித்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார், நடையைக் கட்டினார்.

தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பதற்குள் அவர் மதில்மேல் எம்பிப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, சங்கதி தெரியுமா? எங்க வீட்டு டேப்பு ரெண்டுலதான் ஆரம்பிக்குமாம்!"

"ஐயோ, ஊரெல்லாம் சொல்லி என் தொழிலைக் கெடுக்காதீங்க! மெதுவாப் பேசுங்க!"

அவர் மெதுவாகப் பேசவில்லை.