இருவருக்கும் ஒரே கையெழுத்து

என் அத்தை மகள் எழுதிய கடைசி நோட்டு இன்னும் அத்தை வீட்டு பீரோவில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை அதை எடுத்துக் காட்டுவாள். "எம் பொண்ணு எழுத்து எப்டி கீதுன்னு பாருங்க" என்று ஆரம்பித்து, முடிப்பதற்குள் அழுதுவிடுவாள். அந்த நோட்டில் பாதிக்கு மேல் இருப்பது என் கையெழுத்து. இருபது வருடம் ஆகப்போகிறது. அதை அத்தையிடம் சொல்ல எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நாங்கள் படித்த பள்ளியில் முதல் மூன்று வகுப்புகளுக்கும் ஒரே கூடம், ஒரே டீச்சர். ஒரு மூலையில் கணக்கு, இன்னொரு மூலையில் அழுகை, நடுவில் நின்று கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியே இருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து எழுத வைக்க அவரால் எப்படி முடியும்? அதனால் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். எழுத்து நன்றாக வருகிற பிள்ளையை, வராத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார். நன்றாக எழுதுகிற பிள்ளை மற்றதன் கையைப் பென்சிலோடு சேர்த்துப் பிடித்து எழுத வைக்க வேண்டும். 'கைபிடி' என்று அதற்குப் பெயர். பக்கம் அழகாக வந்தால் இருவருக்கும் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். கோணலாக வந்தால் இருவருக்கும் விரல் முட்டியில் மரஸ்கேல்.

இரண்டாம் வகுப்பில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரெட்டைக்கோடு நோட்டில் நான் எழுதினால் எழுத்துகள் முத்து முத்தாக நிற்கும். தலைக்கனமும் அதற்கேற்ப இருந்தது. அத்தை மகளும் முதலில் சுமாராக எழுதுகிறவள்தான். பொங்கல் லீவு முடிந்து வந்த பிறகுதான் அவள் எழுத்து கோட்டை விட்டு இறங்கத் தொடங்கியது. 'க' எழுதினால் பாதியில் பென்சில் நழுவிவிடும். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் நழுவும்.

"எழுத வரலன்னா ஒண்ணாங்கிளாஸ்ல கொண்டுபோய் உக்கார வெச்சிடுவேன்" என்றார் டீச்சர். வெறும் மிரட்டல் இல்லை. முந்தைய மாதம்தான் ஒருவனை அப்படி உட்கார வைத்திருந்தார். வாண்டுகள் அவனை 'தாத்தா' என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் அத்தை மகளின் தம்பி வேறு இருந்தான். தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்காருவதைவிடக் கிணற்றில் விழலாம் என்றாள் அவள். ஏழு வயது.

டீச்சர் அவளை என் கைபிடிக்கு விட்டார்.

அவள் கையைப் பிடித்த முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதத் தெரியாத கை முரண்டு பிடிக்கும், நாம் வளைத்தால் எதிர்ப்பக்கம் இழுக்கும். இந்தக் கை எதுவுமே செய்யவில்லை. ஈரத்துணியைப் பிடித்த மாதிரி இருந்தது. என் விரல்களை எடுத்ததும் அவள் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன.

"இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"தெர்ல. கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. டீச்சராண்ட சொல்லாத. எங்க அம்மாவாண்டயும் சொல்லாத."

சும்மா சொன்னால் அவள் நம்புவாளா? என் அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சத்தியத்தை மீறினால் அம்மா செத்துப்போவாள். எங்கள் வகுப்பில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அதன்பிறகு எங்கள் பெஞ்சுக்கு நட்சத்திரமாகக் கொட்டியது. அவள் கையின் மேல் என் கையை வைத்துக்கொண்டு நானே எழுதினேன். டீச்சர் அடுத்த மூலைக்குப் போகிற நேரம் பார்த்து பரீட்சைத் தாளையும் அப்படித்தான் எழுதினேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் அவள் இடதுகையால் சாப்பிடத் தொடங்கியிருந்தாள். "இன்னாடி இது புதுப் பழக்கம், பீச்சாங்கையில சோறு துன்றது?" என்று அத்தை முதுகில் இரண்டு வைத்தாள். காலையில் தலை வலிக்கிறது என்று அவள் வாந்தி எடுத்தால், பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறாள் என்றாள். அத்தையைக் குற்றம் சொல்ல மாட்டேன். பக்கத்துக்குப் பக்கம் நட்சத்திரம் வாங்குகிற பிள்ளைக்கு நோய் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

மாசி மாதத்தில் ஒருநாள் பள்ளிக் குழாயடியில் அவள் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. அத்தையும் மாமாவும் அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் என்னைப் பார்க்க வேண்டும் என்று அவள் அழுததால் அப்பா என்னைக் கூட்டிப்போனார். அவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். டாக்டர் அவள் வலதுகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார். அது மெத்தையில் விழுந்தது.

"கை எப்போலருந்து இப்படி இருக்கு? ஸ்கூல்ல எழுத்து மாறிச்சா?"

அத்தை பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். "எங்க சார் மாறிச்சு? போன வாரம் வரைக்கும் எழுதிகினுதான் இருந்தா. நீங்களே பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ பக்கத்துல குந்திகினு இருக்கறவதானே. சொல்லேன், வாயில கொழுக்கட்டையா? நல்லாத்தானே எழுதினா?"

அவள் கட்டிலிலிருந்து என்னையே பார்த்தாள். நான் "ஆமா" என்றேன்.

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். "எழுத்து அழகா இருக்கே. அப்போ திடீர்னு வந்ததுதான்" என்று சீட்டில் ஏதோ எழுதினார். அதற்கான வைத்தியம் நடந்தது. தலைக்குள் கட்டி என்று தெரியவர இன்னும் சில வாரங்கள் ஆயின. அந்தச் சில வாரங்கள் முன்கூட்டியே கிடைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று பெரியவளான பிறகு இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன். ஒருவர் இருக்கலாம் என்றார், ஒருவர் சொல்ல முடியாது என்றார். ஆடி பிறப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மதுராந்தகத்தில் பஸ் மாறி நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வழியெல்லாம் அம்மா மேல் செய்த சத்தியத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் அப்பாவின் கையை உதறிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா பின்புறம் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னாடி இப்டி ஓடியாற? அவ எப்டி கீறா?" என்றாள். பேசினாள், மூச்சு விட்டாள், உயிரோடு இருந்தாள். சத்தியத்தை மீறாமல் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்து, அவள் முதுகைக் கட்டிக்கொண்டு சிரித்தேன்.