மகுடஞ்சாவடி வரை ஒரு சோதனை ஓட்டம்

1983ஆம் ஆண்டு, சித்திரை மாதம். காலை ஐந்தே முக்காலுக்குக் கோயம்புத்தூரில் ரயில் ஏறினேன். ஈரோடு வரை நூறு கிலோமீட்டர். மடியில் ஒரு கோணிப்பை. அதற்குள் நான் செய்த பம்ப், நாலு கிலோ எடை; கூடவே ஒயர், மீட்டர், ஸ்பேனர்கள். கார் பேட்டரியில் ஓடும்படி மோட்டாரை நானே சுற்றி, அலுமினியத்தில் உறை வார்த்திருந்தேன். கோயம்புத்தூரை ஒட்டிய கணபதியில் அப்போது எனக்கொரு சின்னப் பட்டறை இருந்தது. பெட்ரோல் விலை தாங்காமல் பழைய கார்களில் டீசல் எஞ்சினை மாற்றிவைத்துக்கொண்ட காலம் அது. அப்படி மாற்றிய வண்டிகள் பலவும் வழியில் கொதித்து நின்றன. எஞ்சினைச் சுற்றி நீரை ஓடவைத்து அந்தக் கொதிப்பை நிறுத்துவதற்குத்தான் இந்தப் பம்ப்.

ஈரோட்டில் எட்டரைக்குத் திருச்செங்கோடு பஸ். இருபது கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். பள்ளிபாளையம் பாலத்தின் கீழே காவிரி ஒரு வாய்க்காலாகக் குறுகிக் கிடந்தது. கண்டக்டர் என் பையைக் காலால் நகர்த்திப் பார்த்தார்.

"என்னங்க இது, இந்தக் கனம் கனக்குது?"

"பம்புங்க."

"கெணத்துல தண்ணியே இல்லீங்க. பம்பை வெச்சு என்ன பண்றது?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

திருச்செங்கோட்டில் மலையைப் பார்த்துக்கொண்டே ஒரு டீ. அங்கிருந்து எலச்சிபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். இருபுறமும் காய்ந்த கடலைக்காடு, பனைமரம், நடுநடுவே புதிதாக எழும்பும் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். நிறுத்தத்தில் பழனியப்பன் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பங்குனியில் எனக்குக் கடிதம் எழுதி வரச்சொன்னவர் அவர்தான்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்துட்டீங்க," என்று பையை வாங்கிக்கொண்டார்.

டீசலுக்கு மாற்றிய அவருடைய கார், வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. பானட்டைத் திறந்ததும் கோளாறு தெரிந்தது. புது எஞ்சின் நீளம் அதிகம். அதன் பம்புக்கு முன்னால் இடம் போதவில்லை என்று அதைக் கழற்றிவிட்டு, பெல்ட்டில் ஓடும் குட்டிப் பம்ப் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்திருந்தார்கள். அந்த எஞ்சினுக்குத் தேவையான நீரில் பாதியைக்கூட அது தள்ளாது.

வேலை தொடங்குமுன் கேட்கும் கேள்விகளை வழக்கம்போலக் கேட்டேன்.

"எங்கெங்க கொதிச்சதுங்க?"

"சங்ககிரி தாண்டி நாலாவது மைல்ல ஒருக்கா. அப்பறம் மகுடஞ்சாவடில."

"வண்டியில எத்தனை பேருங்க?"

"போறப்ப நாலு பேருங்க."

மோர் கொண்டுவந்த அவர் மனைவி சொம்பைக் கல்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் நோட்டில் நாலு என்று எழுதியிருந்தேன்.

பழனியப்பன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பொண்ணுக்குத் தலப்பிரசவமுங்க. மாசி மாசம். ஆஸ்பத்திரில, இங்க ஆவாது, சேலத்துக்குக் கொண்டுபோங்கன்னுட்டாங்க. மகுடஞ்சாவடில வண்டி ஆற முக்கா மணி நேரம் ஆச்சுங்க. ஊத்தறதுக்குத் தண்ணி தேடி ஊடு ஊடா ஓடுனேன். சேலம் போய்ச் சேர்றப்ப தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை."

பிறகு, "வண்டி கொதிக்குதுன்னு ஐப்பசிலயே உங்களுக்கு ஒரு கடுதாசி போட்டனுங்க. வந்து சேரலையாட்ட இருக்குது," என்றார்.

வந்து சேர்ந்திருந்தது. தீபாவளி நேரம், பட்டறையில் கிணற்று மோட்டார் வேலை குவிந்திருந்தது. எங்கோ ஒரு கிராமத்தில் ஒரே ஒரு காருக்காக யார் போவது என்று ஆணியில் குத்தி வைத்தேன். பிறகு அதன்மேல் வேறு காகிதங்கள் சேர்ந்தன.

மோரைக் குடித்துவிட்டு ஸ்பேனரை எடுத்தேன்.

மத்தியானம் இரண்டரை வரை வேலை. ரேடியேட்டரின் கீழ்க்குழாயை வெட்டி நடுவில் பம்பைப் பொருத்தினேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுத்தேன். டேஷ்போர்டில் ஒரு சுவிட்சும் சூடு காட்டும் மீட்டரும் வைத்தேன். குழாயில் காற்று அடைத்துக்கொள்ளாமல் ரேடியேட்டரில் மெல்ல மெல்ல நீர் ஊற்ற வேண்டும். அதை அவர் மனைவி செய்தார். சொம்பைச் சாய்த்தபடி, "சாமி, இனி நிக்காதில்லீங்க?" என்று கேட்டார். நிற்காது என்றேன்.

"இனி வண்டி எதுக்குங்க?" என்று பழனியப்பனிடம் கேட்டேன்.

"விக்கத்தானுங்க. ஆனா இப்படியே வித்தா, வாங்கறவனும் ஆரையாச்சும் ஏத்திக்கிட்டுத்தான போவான்?"

மூன்று மணிக்குக் கிளம்பினோம். சோதனை ஓட்டத்துக்குச் சங்ககிரி போதும். என்னை அங்கேயே ரயில் ஏற்றிவிடலாம். ஆனால் அவர் சங்ககிரியில் நிறுத்தாமல் ஓட்டினார். கோட்டை மலை பின்னால் போனது. மகுடஞ்சாவடியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார். மீட்டரின் முள் பாதியைத் தாண்டவில்லை.

"அன்னைக்கு இது இருந்திருந்தா நின்னிருக்காதுங்களா?"

பொய் சொல்ல ஒரு கணம் மனம் தேடியது. "நின்னிருக்காதுங்க," என்றேன். "உங்க கடுதாசி ஐப்பசிலயே வந்துருச்சுங்க. நான்தான் பதில் போடலை."

சேலம் போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"வந்துச்சுங்களா," என்றார். மீட்டரைப் பார்த்தபடி, "நானும் இன்னொன்னு எழுதியிருக்கோணுமுங்க. கடலைக்காய் புடுங்கற வேலையில உட்டுப்போட்டேன்."

வண்டியைத் திருப்பினார். சங்ககிரி ஸ்டேஷன் வாசலில் நான் இறங்கும்போது, "ஊட்டுல இதைச் சொல்லிப்போடாதீங்க. அவ தபால்காரனைத்தான் வைதுக்கிட்டிருக்கறா. அப்படியே இருந்துட்டுப் போவட்டும்," என்றார். கைகூப்பினேன். அவர் என் தோளைத் தொட்டார்; பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

ஐந்தே முக்கால் வண்டி. வழியெல்லாம் பக்கத்தில் இருந்தவர் பேசிக்கொண்டே வந்தார். என்ன பேசினாரென்று நினைவில்லை.

கோயம்புத்தூரில் பஸ் மாறி, கணபதியில் இறங்கி நடந்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி உண்டு. என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். இரண்டு தடவையும் என் மனைவி வீட்டைப் பூட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்தேதான் போனாள்.