சித்தி விட்டுவைத்த செடி

துரையின் மேசைமேல் ஒரு தேயிலைக் கிளை கிடந்தது. ஒரு முழ நீளம் இருக்கும். முற்றிய இலைகளுக்கு நடுவே நாலைந்து வெள்ளைப் பூக்கள் வாடித் தலை தொங்கியிருந்தன. ஒன்று உதிர்ந்து அவருடைய பைல்மேல் விழுந்திருந்தது. அதைப் பென்சில் முனையால் ஓரமாகத் தள்ளினார். தேநீர் குடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தேயிலை பூக்கும் என்பதே தெரியாது. தெரியாததில் தப்பில்லை. ஒழுங்காகக் கொழுந்து எடுக்கிற மலையில் அது பூக்கவே கூடாது. சுற்று தவறாமல் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் செடிக்குப் பூக்க நேரம் ஏது? பூத்துவிட்டது என்றால், அந்த நிரையில் கை வைக்கவேண்டியவள் வைக்கவில்லை என்று அர்த்தம். அதனால் அந்தக் கிளை அன்றைக்குப் பிடிபட்ட திருட்டுச் சாமானாகத்தான் அங்கே கிடந்தது.

மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர் நின்றோம். கிளையை ஒடித்துக்கொண்டு வந்த கங்காணி, செடியை ஒரு வருஷமாகக் கிள்ளாமல் விட்ட என் சித்தி, இரண்டு பேருக்கும் நடுவில் நான். எங்கள் எஸ்டேட் மேனேஜரை, அவர் வெள்ளைக்காரர் இல்லாவிட்டாலும், எல்லோரும் துரை என்றுதான் சொல்வோம். அவருக்குத் தமிழ் தெரியாது. வழக்கமாக ஆபீஸ் கணக்குப்பிள்ளையான பெரிய கிராணிதான் மொழிபெயர்ப்பார். அவர் மகள் கல்யாணத்துக்காக ஈப்போ போயிருந்தார். சித்திக்குக் கடைகண்ணியில் பேசுகிற அளவுக்கு மலாய் வரும். ஆனாலும், "இது வேலை விஷயம் பாப்பா. நீதான யூனிவர்சிட்டியில படிக்கிற, வந்து நல்லபடியா எடுத்துச் சொல்லு லா" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

இது எழுபதுகளின் கடைசியில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டில் நடந்தது. அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மாவின் தங்கையான சித்தி, தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் வைத்து என்னை வளர்த்தாள். பதினைந்து வயதிலிருந்து அவள் முதுகில் கூடைதான். மழையும் பனியும் நெஞ்சில் இறங்கிவிட்டன. மேடு ஏறினால் மூச்சு வாங்கி, கிடைத்த கல்லில் உட்கார்ந்துவிடுவாள். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பாரம் தூக்காமல் எப்படிக் கொழுந்து எடுப்பது என்று சொல்லவில்லை. கங்காணி அந்த வருஷத்தோடு ஓய்வு பெறப்போகிறார், அடுத்தது சித்திதான் என்று ஒரு பேச்சு இருந்தது. அதுவரை எங்கள் எஸ்டேட்டில் ஒரு பெண் கங்காணி ஆனதில்லை. ஆகிவிட்டால் மற்றவர்களை மேற்பார்வை பார்த்தால் போதும், கூடையை இறக்கி வைத்துவிடலாம். ஆகாவிட்டால் இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்குவாளா என்று எனக்கு உள்ளூரப் பயம். அந்த நேரம் பார்த்தா இந்தக் கிளை வந்து சேரவேண்டும்!

நான் விடுமுறைக்கு வந்திருந்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் ஒரு தாளில் கோட்டைவிட்டு, அதை மறுபடி எழுதுவதற்காக ஒரு நோட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். தாளின் பெயர் அழகியல். அதில் ஒரு ஜெர்மன்காரருடைய தத்துவம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு பொருளை அழகு என்று சொல்லவேண்டுமானால் அதனால் நமக்கு ஒரு லாபமும் இருக்கக் கூடாதாம். தின்னவோ விற்கவோ வைத்துக்கொள்ளவோ ஆசைப்படாமல் பார்க்கவேண்டுமாம். அப்படிப் பார்த்து அழகு என்று சொல்கிறவர், மற்ற எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவேண்டும் என்று எதிர்பார்ப்பாராம். ஆனால் நிரூபிக்க வழி கிடையாதாம். நிரூபிக்க முடியாததை ஊரே ஒப்புக்கொள்ளவேண்டும் என்று கேட்பது என்ன நியாயம்? நான் இதைச் சத்தம் போட்டுப் படித்துப் படித்துத் தமிழில் புலம்பிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து சித்தி, "இதுல புரியாம இருக்க என்னா இருக்கு?" என்றாள்.

அன்றுதான் அந்தச் செடியைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய நிரையின் கடைசியில், ஓடைக்கு மேலே ஒரு பாறைக்குக் கீழே இருக்கிற ஒற்றைச் செடி. முந்தின வருஷம் நெஞ்சு வலியோடு மூன்று மாதம் படுத்திருந்தாள். அவளுக்குப் பதிலாக வந்தவள், வழுக்குகிறது என்று அந்த மூலைக்கு இறங்கவே இல்லை. சித்தி திரும்பிப் போனபோது செடி மொட்டு விட்டிருந்தது. "கையை நீட்டுனேன் பாப்பா. கிள்ள வரல. அவ்வளவுதான்" என்றாள். அதன்பிறகு அந்தச் செடியை மட்டும் தொடவில்லை. மதியச் சோற்றை அங்கே உட்கார்ந்து சாப்பிடுவாளாம். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கூட வேலை செய்கிற மூன்று பெண்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி, கங்காணி பார்ப்பதற்குள் வெட்டிவிடு என்றாள். மூன்றாமவள் நேராகப் போய்க் கங்காணியிடம் சொன்னாள். எதற்குக் காட்டினீர்கள் என்று கோபமாகக் கேட்டேன். "எனக்கு மட்டும்தான் அழகா தெரியுதுன்னா, என் கண்ணு கோளாறுன்னு விட்டுருவேன். ஆனா அது அப்படி இல்லையே. கண்ணு இருக்கிற எல்லாத்துக்கும் தெரியணுமே. அதான் எனக்கு விளங்கல" என்றாள். பேராசிரியர் ஒரு பருவம் முழுக்கச் சொல்லி என் மண்டையில் ஏறாதது அவள் வாயில் சர்வசாதாரணமாக வந்தது. நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இனி ஆபீசுக்கு வருகிறேன். துரை சித்தியைப் பார்த்து, ஏன் விட்டாய் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். சித்தி நேராக அவர் முகத்தைப் பார்த்து, "நல்லா இருந்திச்சு. அதான் விட்டேன்னு சொல்லு" என்றாள். அவ்வளவுதான் அவள் வாக்குமூலம். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. அழகாக இருந்ததால் வேலையை விட்டவளை எந்தத் துரை கங்காணி ஆக்குவார்? அந்த ஒரு கணத்தில் ஜெர்மன்காரரும் நினைவுக்கு வரவில்லை, நியாயமும் நினைவுக்கு வரவில்லை. "சார், அந்தச் செடியை அவர் சாமிக்காக விட்டிருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

துரையின் முகம் உடனே மாறியது. சாமி விஷயத்தில் கை வைத்தால் மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்பது எல்லாத் துரைமாருக்கும் தெரியும். ஒரு செடிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். கங்காணிக்கு ஆங்கிலம் அரைகுறை, ஆனால் கடவுள் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. மனிதர் வெலவெலத்துப்போய், மேசையில் கிடந்த கிளையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. காரியம் முடிந்தது என்று நினைத்தேன். வெளியே வந்ததும் சித்தி, "என்னா சொன்ன?" என்று கேட்டாள். சொன்னேன். ஒரு வார்த்தை திட்டுவாள் என்று பார்த்தால், செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். லயம் வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே கங்காணி மோட்டார் சைக்கிளில் வரும்போது வளைவில் சறுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். அந்தச் சாலையில் மழை நாளில் விழாதவர்கள் குறைவு. ஆனால் அவருக்கு அது போதும். ஒடித்த கைக்கே தண்டனை கிடைத்துவிட்டது என்று லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த வெள்ளிக்கிழமை செடிக்கு மஞ்சள் துணி கட்டி, ஒரு சூலத்தை நட்டு, எலுமிச்சம்பழம் குத்தினார். முதலில் சிரித்தவள் குடும்பத்தோடு வந்து பொங்கல் வைத்தாள். மூன்றே மாதத்தில் அது பாறையடி அம்மன் ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற கங்காணி, அம்மன் தேர்ந்தெடுத்த பெண்ணுக்கே தன் இடத்தைக் கொடுக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சித்தி கங்காணி ஆனாள். கூடையை இறக்கி வைத்தாள். நான் வேண்டியது இதுதான். இதற்காகத்தான் பொய் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பொய் தப்பு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல வாய் வரவில்லை.

கங்காணி ஆனவள் தினமும் வேலை தொடங்குமுன் செடிக்குச் சூடம் காட்டவேண்டும் என்று ஒரு வழக்கம் தானாக வந்துவிட்டது. ஒருமுறை ஊருக்கு வந்தபோது நானும் போய் நின்றேன். பனி மூடிய மலை. எதிரே இருக்கிற சரிவு தெரியவில்லை, ஓடையின் இரைச்சல் மட்டும் கீழேயிருந்து வந்தது. நாற்பது பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு குழந்தைகூடச் சத்தம் போடாமல் நின்றார்கள். பூக்களையெல்லாம் பறித்துச் சூலத்தின் அடியில் வைத்திருந்தார்கள். செடி மஞ்சள் துணிக்குள் இருந்தது. சித்தி சூடத்தை ஏற்றினாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொய்யைச் சொன்னவளே நான், எனக்கு எதற்குச் சிலிர்க்கவேண்டும்? ஜெர்மன்காரர் அழகுக்கு மேலே இன்னொன்றைச் சொல்லியிருந்தார். அதற்குத் தமிழில் என்ன என்று தெரியாமல் நோட்டில் உன்னதம் என்று எழுதி அடித்து, பிரமிப்பு என்று எழுதி அதையும் அடித்திருந்தேன். பெரும்புயல், பாதாளம், வெள்ளம் இவற்றை ஆபத்தில்லாத தூரத்தில் நின்று பார்க்கும்போது முதலில் நடுங்கி, பிறகு நமக்குள்ளேயே ஏதோ பெரிதாக எழுமாம். அந்தப் பெருமை பார்க்கிறவர் மனதில்தான் இருக்கிறது, பொருளில் இல்லை என்றார். அப்படியானால் என் இடுப்பு உயரமே இருந்த ஒரு செடியின் முன்னால் நாங்கள் நாற்பது பேரும் நடுங்கியது எதில் சேர்த்தி? அவர்கள் பயந்தது வெறும் பயம்தான், அதில் ஒரு உன்னதமும் இல்லை என்று தள்ளிவிடலாமா? என்னுடையது? இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

நான் மறுபடி எழுதிய தேர்வில் தேறியதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் கதை பாதிதான். லாபம் கருதாத அழகுக்கு ஓர் உதாரணம் தரச்சொல்லிக் கேட்டிருந்தார்கள். நான் சித்தியின் செடியை எழுதினேன். கொழுந்துக்காகவே வளர்க்கிற செடியை, ஒரு கூலிக்காரப் பெண் எதற்காகவும் இல்லாமல் பூக்கவிட்டதை, அவள் சொன்ன வார்த்தைகளோடு இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். பேராசிரியர் அதை வகுப்பில் படித்துக்காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. துரையிடம் சொல்லாத உண்மையை மதிப்பெண்ணுக்காகச் சொன்னேன் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

சித்தி ஆறு வருஷம் கங்காணியாக இருந்தாள். அந்தச் செடிக்குச் சூடம் காட்டுவதைத் தவிர வேறு எதிலும் அவளுக்குக் குறை இருந்ததாகத் தெரியவில்லை. அது அவளுக்கு எட்டாத செடியாகிவிட்டது. முன்போல அதன் பக்கத்தில் சோறு தின்ன உட்கார முடியுமா? உண்மையைச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் வேலையும் போகும், அம்மனும் போகும், நாற்பது குடும்பத்தின் நேர்த்திக்கடனும் அந்தரத்தில் நிற்கும். பிறகு நெஞ்சு வலி முற்றி, வேலையை விட்டுத் திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே வீட்டைச் சுற்றிச் செவ்வந்தி. கட்டுக் கட்டாக லாரியில் ஏறி மலை இறங்கும்.

இப்போது பாறையடி அம்மனுக்கு ஓடு வேய்ந்த கோயில் இருக்கிறது. செடி மரமாகிவிட்டது, கம்பி வேலிக்குள் நிற்கிறது. நான் வருஷத்துக்கு ஒருமுறையாவது போகிறேன். சாமி கும்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பூசாரி தட்டை நீட்டுகிறார். பூவைப் பார்க்கவேண்டும் என்றால், விடியுமுன்னே பறித்தாகிவிட்டது என்கிறார். ஒருநாள் பறிக்காமல் விடமுடியுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அம்மா, அது அம்மனுக்கு உள்ளது" என்றார்.

நான் இப்படி அலைவதற்குக் காரணம், எண்பதுகளின் நடுவில் திரிங்காப்பில் சித்தியைக் கடைசியாகப் பார்த்த நாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேசுவதற்கே மூச்சு போதவில்லை. நானாக அந்தப் பேச்சை எடுத்தேன். துரையிடம் அப்படிச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். கையை ஆட்டி, "அதெல்லாம் போகட்டும். என் கூடையை இறக்கி வச்ச இல்ல, நல்லா இரு" என்றாள். பிறகு, "ஒண்ணு கேக்கவா பாப்பா? நான் சொன்னேன்ல, அந்தப் பூ, உனக்கும் அழகா தெரிஞ்சிச்சா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சிச்சு சித்தி. ரொம்ப அழகு" என்றேன். ஆசையாகத்தான் சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. அந்த விடுமுறை முழுக்க, பாறைப் பக்கம் ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று அவள் கூப்பிட்டதும், பரீட்சை இருக்கிறது என்று நான் நோட்டைத் தூக்கிக் காட்டியதும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"நீ போய்ப் பாக்கவே இல்ல பாப்பா" என்றாள். "பாத்திருந்தா, சாமிக்குன்னு சொல்லியிருக்க மாட்ட."